மச்சானுக்கு எந்த கேம்? சண்டைக்கு நடுவில் சும்மா உட்கார ஓர் இடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தபடி மச்சான் கேட்டார்: "மாப்ள, டிவிக்குக் கீழ அந்தப் பெட்டி சும்மாதானே கிடக்கு. எனக்கு ஒரு கேம் சொல்லுடா. சண்டை இருக்கட்டும், இல்லாட்டி தூங்கிப் போயிருவேன். ஆனா சண்டையே போட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. சும்மா அங்கிட்டு இங்கிட்டுச் சுத்திட்டு வரணும். பழைய நாள் மாதிரி."

"நாப்பத்தாறு வயசுல கேம் கேக்குதாக்கும்" என்று அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது.

அந்தப் பெட்டி ஒரு பழைய பிஎஸ்4, அதாவது ப்ளேஸ்டேஷன் 4 கேம் மெஷின். மகனுக்காக செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பையன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அக்கா கன்ட்ரோலரைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். மச்சானுக்கு மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு வேலை. வில்லாபுரத்து வீட்டுக்கு வந்து சேரும்போது இரவு ஒன்பதரை தாண்டிவிடும். சாப்பிட்டு, பிள்ளைகள் படுத்த பிறகு, பத்தேகாலிலிருந்து பதினொன்று வரை அவருக்கென்று இருப்பது முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணிக்கு ஒரே ஒரு கேம். எதை வாங்குவது?

இருபது வருடமாக ஆடுகிறவன் நான். கடைசி வில்லனை எப்படிக் கொன்றாய் என்று எந்த கேமைப் பற்றிக் கேட்டாலும் தலையைச் சொறிவேன். எந்த மலையில் ஏறி எந்த அந்தியைப் பார்த்தாய் என்று கேட்டால் பாதையோடு சொல்வேன். அதனால் மச்சானின் கேள்வியை லேசாக விட மனம் வரவில்லை. மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை என் டிஸ்க்குகளைத் தூக்கிக்கொண்டு வில்லாபுரம் போய், ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன்.

அமைதி வேண்டுமென்றால் அமைதியான கேமாகவே கொடுத்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றியது. 2016-ல் வந்த ஸ்டார்டியூ வேலியைப் போட்டேன். நிலம் கொத்தி, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, விளைந்ததை விற்கிற விளையாட்டு. மச்சான் சோழவந்தான் பக்கத்துக் கிராமத்து ஆள். பத்து நிமிடம் பார்த்தார். "இதைத்தாண்டா எங்கப்பா அடிச்சு அடிச்சுச் செய்யச் சொன்னாரு. அப்பச் செய்யாம ஓடுனவன் இப்பக் காசு குடுத்துச் செய்யணுமா?" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்து, அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ். 2017-ல் வந்தது, கிளியோபாட்ரா காலத்து எகிப்து. 2018 பிப்ரவரியில் அதற்குள்ளேயே டிஸ்கவரி டூர் என்று ஒரு தனி வழி திறந்துவிட்டார்கள். சண்டை முழுக்க நீக்கம். பிரமிடு, அலெக்சாண்டிரியா, மம்மி என்று 75 சுற்றுலாக்கள், விளக்கக் குரலோடு. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. அதில் நைல் கரையில் போய் உட்கார்ந்தேன். நாணல், படகு, சூரியன், எல்லாம் இருந்தது. ஐந்து நிமிடத்தில் கை தானாகப் போனை எடுத்துவிட்டது.

அதே கரைதான், அசல் கேமில் என்னை இருபது நிமிடம் கட்டிப்போட்டது. விடிய விடிய ஒரு கோட்டைக்குள் ஒளிந்து ஒளிந்து தப்பி வந்து, ஒரு சின்னப் படகில் ஏறி, துடுப்பைப் போடாமல் விட்டிருந்தேன். தண்ணீரில் முதலை உண்டு. கரையில் ராணுவம் உண்டு. இப்போதைக்கு இரண்டும் என்னைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த 'இப்போதைக்கு'தான் டூரில் இல்லை.

தெப்பக்குளத்துக் கட்டைச்சுவரில் சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இது புரியும். முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன், ஷேர் ஆட்டோ, சுண்டல் வண்டி, அத்தனையும். முன்னால் தண்ணீரும் நடுவில் மைய மண்டபமும். முதுகுப் பக்கத்துச் சத்தம் இருப்பதால்தான் முன்பக்கத்துக்கு அந்த அமைதி. அந்தக் குளத்தையே பெயர்த்துக்கொண்டுபோய்ப் பொட்டல்காட்டில் வைத்தால் அரை மணி நேரம் உட்காருகிறவன் எவன்? (குளம் வறண்டு கிடந்த காலத்தில் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடிய தலைமுறை நாங்கள். அதற்கும் ஒரு தனி ஏக்கம் உண்டு, அது இங்கே வேண்டாம்.)

ஆக, சண்டை கேமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் உட்கார நினைத்தால் உட்காரவிடுகிற கேமாக இருக்க வேண்டும். அதோடு மச்சான் சொன்ன 'பழைய நாள்' எங்கேயாவது போய் ஒட்டிக்கொள்ள ஒரு கொக்கியும் வேண்டும்.

என் வாய் தானாகச் சொல்கிற பெயர் சான் ஆண்ட்ரியாஸ், கார் திருடி ஊர் சுற்றுகிற ஜிடிஏ வரிசை கேம். 2004-ல் ப்ளேஸ்டேஷன் 2-க்கு வந்து, 2005-ல் கம்ப்யூட்டருக்கு வந்தது. அரசரடிப் பக்கம் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர், மணிக்குப் பதினைந்து ரூபாய். ஒருத்தன் ஆட, ஐந்து பேர் பின்னால் நின்று "லெஃப்ட்ல ஒடிடா, ஸ்டார் ஏறிருச்சுடா" என்று கத்துவோம். மிஷன் (கேம் கொடுக்கிற வேலை) செய்ய எவனுக்கும் பொறுமை கிடையாது. ஹெசோயம் என்று ஒரு குறுக்குவழிச் சொல்லை டைப் அடித்தால் உயிர், கவசம், இரண்டரை லட்சம் டாலர், எல்லாம் வந்துவிடும். இங்கிலீஷ் பரீட்சையில் தன் பள்ளிக்கூடத்துப் பெயரையே தப்பாக எழுதுகிறவன்கூட அதை ஒரு எழுத்து பிசகாமல் அடிப்பான்.

அதற்கு முந்தைய வைஸ் சிட்டியில் ஹீரோவுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் விழுந்தால் ஆள் காலி. சான் ஆண்ட்ரியாஸில் ஹீரோ சிஜே நீந்துவான். இந்த ஒரு காரணத்துக்காகவே கடலில் இறங்கி, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நீந்திக்கொண்டிருந்திருக்கிறேன். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் ஒரு சைக்கிளைப் பிடித்து, மேப்பின் தென்மேற்கில் இருக்கும் மவுண்ட் சிலியட்டுக்குப் போவேன். மேலே ஏறி நின்றால் சுற்றிலும் மங்கல். அந்த மங்கலுக்கு அப்பால் மூன்று நகரம், காடு, பாலைவனம் என்று ஒரு பெரிய நாடே கிடப்பதாக மனது சொல்லும்.

உண்மையில் அந்த நாடு மொத்தமும் ஏறத்தாழ 36 சதுர கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் ஆறு கிலோமீட்டர். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பரங்குன்றம் போகிற தூரம்கூட இல்லை. தூரத்தில் இருப்பதை வரைந்து காட்ட அந்தக் கால மெஷினுக்குச் சக்தி போதாது. அதை மறைக்கப் போட்ட திரைதான் அந்த மங்கல். 2021-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுப்பித்து விட்டபோது மங்கலை எடுத்துவிட்டார்கள். சிலியட் உச்சியில் நின்றால் மூன்று நகரமும் ஒரே பார்வையில், கொலு வைத்த மாதிரி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2024 நவம்பரில் வந்த அப்டேட்டில் பழைய வானத்தையும் மங்கலையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் ரேடியோவில் வந்த பழைய பாட்டுகள் சில, உரிமக் காலம் முடிந்ததால் 2014-லேயே கம்ப்யூட்டர் பதிப்பிலிருந்து போய்விட்டன. அந்தப் பாட்டுக்காக வாங்குகிறவர் ஏமாந்து போவார்.

திரும்ப வாங்கி ஆடிப் பார்த்தேன். முதல் நாள் கண் கலங்காத குறை. இரண்டாம் நாள் சிலியட் ஏறினேன். மூன்றாம் நாள் கன்ட்ரோலரை வைத்துவிட்டேன். கரன்ட் போனதும் யுபிஎஸ் கீ கீ என்று கத்த, சேவ் பண்ண ஓடு ஓடு என்று அலறிவிட்டு, பிறகு எல்லாரும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து கரன்ட் வருவதற்காகக் காத்திருந்தோமே, அந்தப் படி டிஸ்க்கில் இல்லை. பின்னால் நின்ற ஐந்து பேரும் இல்லை. அதைவிட முக்கியம், அது என் பழைய நாள், மச்சானுடையது இல்லை. நாங்கள் அந்த மாடியில் கத்திக்கொண்டிருந்த வருடத்தில் அவர் கடையில் மிளகாய் மூட்டைக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய பழைய நாள் எது? கல்லூரி முடித்ததும் இரண்டு வருடம் ஒரு எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்திருந்தவர் மச்சான். ராத்திரி கட்டணம் குறைகிற நேரத்துக்காக வெளியே வரிசை நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருத்தர் அழுதுகொண்டே பேசுவார். மேலே சிவப்பு எண் ஓடிக்கொண்டிருக்கும். இவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். இந்தக் கதைகளை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் அடுத்த வாரம், ஜப்பானிய ரவுடிக் கும்பல் கதையான யாகுசா ஜீரோவை எடுத்துக்கொண்டு போனேன்.

1988 டிசம்பரில் நடக்கிற கதை. டோக்கியோவின் கபுகிச்சோவை மாதிரியாக வைத்துக் கட்டிய ஒரு பேட்டை, ஒசாகாவின் டோட்டன்போரியை மாதிரியாக வைத்துக் கட்டிய இன்னொரு பேட்டை. இரண்டுமே சின்ன இடம். நான்கு நாள் நடந்தால் எந்தச் சந்தில் எந்தக் கடை என்று மனப்பாடம் ஆகிவிடும். ஒரு ஊர் கையளவாக இருந்தால்தான் அது நம் ஊராகும் என்பது என் கட்சி. ஜப்பானில் பணம் தண்ணீராக ஓடிய காலம். தெருவில் ரவுடியை ஒரு போடு போட்டால் அவன் மேலிருந்து நோட்டு பறக்கும். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பணக்குமிழி உடையப் போகிறது என்பது ஆடுகிற நமக்குத் தெரியும், நோட்டை அள்ளுகிறவர்களுக்குத் தெரியாது.

இதில் சேவ் பண்ணுவது டெலிபோன் பூத்தில். மச்சான் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போய் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். "பில்லு எங்கிட்டுடா வரும்?" என்றார் கடைசியில். அப்புறம் கேம் சென்டருக்குள் கூட்டிப் போனேன். 1986-ல் வந்த அவுட் ரன் அங்கே முழுசாக ஆடக் கிடைக்கிறது. சிவப்புக் காரில் கடற்கரையோரம் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். கொலைப்பழி சுமந்த ஹீரோ, ஊரே தேடுகிறது, அவனோ காசு போட்டுக் கார் ஓட்டுகிறான். சண்டைக்கு நடுவில் சும்மா இருப்பதை இவ்வளவு கூச்சமில்லாமல் அனுமதிக்கிற கேம் வேறு இல்லை.

ஆனால் கதைக் காட்சி ஆரம்பித்தால் லேசில் முடியாது. பேச்சு ஜப்பானியம், கீழே இங்கிலீஷில் எழுத்து. முக்கால் மணியில் முக்கால்வாசி படிப்பதிலேயே போகும். நடுவில் எழுந்து போக நினைத்தால் பூத்தைத் தேட வேண்டும். அதோடு அந்தப் பேட்டையின் பிழைப்பு அப்படி. அக்கா தண்ணீர்ச் செம்போடு கூடத்தைக் கடக்கிற நேரம் பார்த்துத் திரையில் என்ன வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. வந்து நின்றது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, செம்பை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். தனி அறையும் தனி டிவியும் இருக்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். கூடத்து டிவிக்கு ஆகாது.

இரண்டு பெயரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் 2005-ல் வந்தது, 2018-ல் பிஎஸ்4-க்குப் புதிதாகச் செய்தார்கள். மொத்தம் 16 ராட்சதர்கள். இடையில் ஆளில்லாத நிலம், ஒரு குதிரை, காற்று. வாளை வெயிலில் உயர்த்தினால் ஒளி திரண்டு போக வேண்டிய திசையைக் காட்டும். அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. ஆனால் ஒவ்வொரு ராட்சதனும் சாய்ந்து விழும்போது தப்புச் செய்துவிட்டோமோ என்று ஒரு கனம் நெஞ்சில் ஏறும். பதினொன்றுக்குப் படுக்கப் போகிறவருக்கு அது வேண்டாம். விட்சர் 3 பெரிய கேம், 2015-ல் வந்தது. அந்தக் காட்டு மரங்கள் காற்றில் ஆடுகிற மாதிரி வேறெங்கும் ஆடாது. ஆனால் பையில் நூறு சாமான், மருந்து, மூலிகை, எண்ணெய். பகலெல்லாம் ஸ்டாக் நோட்டு எழுதிவிட்டு வருகிறவர் கையில் இன்னொரு ஸ்டாக் நோட்டைக் கொடுப்பது பாவம்.

கோஸ்ட் ஆஃப் சுஷிமாதான் ஜெயிக்கும் என்று உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தேன். 2020-ல் வந்தது. 1274-ல் மங்கோலியப் படை ஜப்பானின் சுஷிமா தீவில் இறங்கியதிலிருந்து கதை. திரையின் ஓரத்தில் மேப் கிடையாது, அம்புக்குறி கிடையாது. கன்ட்ரோலர் நடுவில் இருக்கும் டச்பேடில் விரலை மேலே தள்ளினால் காற்று அடிக்கும். நாணல் சாய்கிற பக்கம் குதிரையைத் திருப்ப வேண்டியதுதான். ஆடிக் காற்றில் சைக்கிள் மிதித்துப் பழகிய மச்சானுக்கு இது ரொம்பப் பிடித்தது. "இது தள்ளுற காத்து, நம்மூர்ல எதிர்க்காத்துல்ல" என்று சிரித்தார். நரி ஒன்று வந்து கூப்பிட்டு, ஒரு குட்டிக் கோயிலுக்கு அழைத்துப் போகும். புல்லாங்குழல் வாசித்தால் வானிலை மாறும். வெந்நீர் ஊற்றில் இறங்கி யோசனையில் கிடக்கலாம். ஆரம்பப் போர் முடிந்து, ஒரு மணி நேரத்துக்குள் தீவில் அவிழ்த்துவிடுகிறார்கள். ஓரிடத்திலிருந்து ஓரிடம் தாவ நினைத்தால் பழைய பிஎஸ்4-லேயே கண் சிமிட்டும் நேரம்தான். முக்கால் மணி நேரக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஹைக்கூ எழுதுகிற இடங்களும் உண்டு. பாறையில் உட்கார்ந்து, எதிரே தெரிகிற காட்சிக்கு மூன்று வரி தேர்ந்தெடுக்க வேண்டும். 1274-ல் ஹைக்கூ ஏது என்று வாத்தியார்கள் கேட்கலாம், நியாயம்தான். அந்த வடிவம் தனியாகத் தலையெடுத்தது பல நூற்றாண்டு கழித்து. ஹைக்கூவின் பெருங்கவி பாஷோ பிறந்ததே 1644-ல். எனக்கு அதில் வருத்தமில்லை. நிஜ சுஷிமாவில் வாதாட்சுமி கோயிலின் தோரண வாயில் ஒன்று 2020 செப்டம்பர் புயலில் சாய்ந்தபோது, அதைத் திரும்ப நிறுத்தக் கேட்டதைவிடப் பல மடங்கு பணம் வந்து குவிந்தது. கொடுத்தவர்களில் இந்த கேமை ஆடியவர்கள் நிறைய. கேமை இயக்கிய இரண்டு பேரை அந்தத் தீவு மறு வருடம் தன் சுற்றுலாத் தூதர்களாக்கிக்கொண்டது.

அப்புறம் எங்கே சறுக்கியது? இரண்டாம் ஞாயிறு. மச்சான் வெந்நீர் ஊற்றிலிருந்து எழுந்ததும் திரையில் எண்ணிக்கை தெரிந்தது. "மொத்தம் எத்தனைடா?" என்றார். பதினெட்டு என்றேன். "ஹைக்கூ?" பத்தொன்பது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இன்னும் எத்தனை பாக்கி?" அதற்குப் பிறகு அவர் வெந்நீரில் கிடக்கவில்லை, நரி பின்னால் போகும்போது நரியைப் பார்க்கவில்லை. ஒரு குயர் நோட்டில் கோடு கிழித்து, முடித்தது, பாக்கி என்று இரண்டு பத்தி போட்டுவிட்டார். அழகான இடங்களை எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். எண்ணிக் கொடுத்ததைக் கணக்குத் தீர்க்காமல் விட கணக்குப்பிள்ளை மனது ஒப்புமா? எண்ணைக் கண்டுகொள்ளாமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கு இன்றைக்கும் நான் சுஷிமாவைத்தான் சொல்வேன். மச்சானுக்கு இல்லை.

மிச்சம் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. உண்மையைச் சொன்னால், அவருக்கு இது ஒத்துவராது என்று நினைத்துத்தான் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். 2018-ல் வந்தது. பிஎஸ்4-க்கு இரண்டு டிஸ்க், பதிவேறி முடிப்பதற்குள் சாயங்காலக் காப்பி முடிந்துவிடும். ஆரம்பமே பனிமலை. சுற்றவிட மாட்டார்கள், குதிரையில் இன்னொருத்தர் பின்னாலேயே போக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, அதாவது மச்சானுக்கு மூன்று ராத்திரி. ஒவ்வொன்றும் நிதானம். ஒரு தகர டப்பாவை எடுக்க, ஹீரோ குனிந்து, கையை நீட்டி, பார்த்து, பையில் போடுவான். பட்டன்களும் குழப்பம். வேலண்டைன் என்கிற ஊரில் ஒரு கடைக்காரருக்கு வணக்கம் வைக்கப் போய் மச்சான் சுட்டுவிட்டார். ஊரே துரத்தியது. "மொத்தக் கடை வாசல்ல இப்படி நடந்திருந்தா என்னாகும்" என்று அரை மணி நேரம் சிரித்தார்.

ஆனால் பனி இறங்கி, கூட்டம் புல்வெளிக்கு வந்து கூடாரம் போட்டதும் கேம் வேறு ஆளாகிவிடுகிறது. காலம் 1899, இடம் அமெரிக்கா. துப்பாக்கியை நம்பிப் பிழைத்த ஒரு கூட்டத்தின் காலம் முடிகிறது. ரயில் வந்துவிட்டது, தந்திக்கம்பி வந்துவிட்டது, நகரத்தில் ஆலைப் புகை. ஆர்தர் மார்கன் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். காலையில் எழுந்து, கெட்டிலிலிருந்து காப்பி ஊற்றி, நின்றுகொண்டே குடிப்பான். குடிக்காமல் போனாலும் கேம் ஒன்றும் கேட்காது. குதிரையைத் தேய்த்துவிடலாம். பார்த்த மிருகத்தையும் மரத்தையும் அவன் தன் நோட்டில் படமாக வரைந்து வைத்திருப்பான், நாம் புரட்டினால்தான் தெரியும். போக வேண்டிய இடத்தைக் குறித்துவிட்டு டச்பேடை அழுத்திப் பிடித்தால் படம் பார்க்கிற மாதிரி காட்சி விரியும், குதிரை தானே பாதை பிடித்து நடக்கும். நாம் டீ குடிக்கலாம்.

மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற மிஷன் ஒன்று இருக்கிறது. கூட்டத்திலிருக்கும் ஜாக் என்கிற சின்னப் பையனை ஆர்தர் ஆற்றுக்கு அழைத்துப் போகிறான். தூண்டில் போடுகிறார்கள், பையனுக்குச் சீக்கிரமே சலித்துப்போய்ப் பூப்பறிக்கப் போய்விடுகிறான். வெயில், தண்ணீர்ச் சத்தம். பின்னால் திரும்பினால் பிங்கர்ட்டன் என்கிற தனியார் துப்பறியும் நிறுவனத்து ஏஜெண்டுகள் இரண்டு பேர் நிற்கிறார்கள். சுடவில்லை, பேசிவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு எந்த ஆற்றங்கரையில் தூண்டிலோடு நின்றாலும் முதுகு ஒரு நொடி கூசும். தெப்பக்குளத்துக் கட்டைச்சுவரைப் பற்றிச் சொன்னேனே, அதை இதைவிட நன்றாகச் செய்த கேமை நான் ஆடியதில்லை.

இந்த மிஷனைப் போட்டதும் மச்சான் பாயிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வந்தார். புழு, ரொட்டி, சீஸ், சோளம் என்று இரை வகைகள் வந்தன. "சீஸா? நாங்க மண்புழுதான். மாட்டுக்கொட்டம் பின்னாடி கிண்டுனா ஒரு சிரட்டை தேறும்." அப்புறம் கதை வந்தது. தாத்தாவோடு கண்மாய்க்கரை. நெட்டித் தக்கை. தக்கை ஆடினால் இழுக்கக் கூடாது, முங்கினால்தான் இழுக்க வேண்டும். கெளுத்தி முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். தாத்தா ஒரு வார்த்தை பேச மாட்டார், பேசினால் மீன் போய்விடும் என்பார். பேச்சுக்கு மீன் போகாது, தாத்தாவுக்குப் பேசப் பிடிக்காது, அவ்வளவுதான் என்று மச்சானுக்குப் பின்னாளில்தான் புரிந்ததாம்.

கோடையில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழாவும் உண்டு. பெரியவர் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஊர் மொத்தமும் ஊத்தா, கச்சா, வலையோடு கண்மாய்க்குள் பாயும். சேறு, கூச்சல், அடிதடி. மேலூர்ப் பக்கம் அதைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு நாள் கூத்து. அந்த ஒரு நாள் வரும் என்று தெரிந்துகொண்டே மற்ற நாளெல்லாம் கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள். இந்த ஆளுக்கு எந்த கேம் என்பதை நான் மூன்று வாரம் ஆராய்ந்ததே அதிகப்பிரசங்கம்.

ஒரே இடைஞ்சல், அந்தப் பனிமலை. அதற்கு வழி செய்தேன். பழைய டிஸ்க் ஒன்று வாங்கி, ஒரு சனிக்கிழமை ராத்திரி நானே உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை ஆடி முடித்தேன். ஜாக்கின் மிஷனையும் தாண்டி, தூண்டில் கைக்கு வந்த இடத்தில் சேவ் பண்ணிக் கொடுத்தேன். செட்டிங்கில் போய் ஓரத்து மேப்பை அணைத்துவிட்டேன். எண்ணிக்கை காட்டுகிற பக்கங்கள் இதிலும் உண்டு. அவை மெனுவுக்குள் எங்கே இருக்கின்றன என்று மச்சானுக்குச் சொல்லவில்லை.

ஒரு துண்டுத் தாளில் எழுதியும் வைத்தேன். கூடாரத்துக்குக் கீழே ஓடுவது டகோட்டா ஆறு, அங்கே போங்கள். ரோட்டோரம் உட்காராதீர்கள். யாரையாவது தவறிச் சுட்டுவிட்டால் தபாலாபீசில் போய் அபராதத்தைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தலைக்கு விலை வைத்துத் தேடி வருவார்கள். இரண்டாம் அத்தியாயத்தை அவசரப்பட்டு முடிக்காதீர்கள், கூட்டம் ஒன்றாகச் சிரித்துக்கொண்டு இருப்பது அதில்தான். மூன்றாம் அத்தியாயத்தில் ஆர்தரும் இரண்டு பெரியவர்களும் படகில் மீன் பிடிக்கிற ஒரு காட்சி வரும், அதை மட்டும் தூக்கக் கலக்கத்தில் ஆடாதீர்கள்.

அக்கா பீரோவைத் திறந்து கன்ட்ரோலரைக் கொடுத்தாள். பதினொன்றுக்குத் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவதாக ஏற்பாடு.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. மச்சான் கிசுகிசுத்தார். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"மாப்ள, பெருசு ஒன்னு மாட்டிருச்சு. கம்பு வளையுது. என்ன பண்ண?"

"அது இழுக்கும்போது சுத்தாதீங்க மச்சான், நரம்பு அறுந்துரும். அது அசந்து நிக்கும்போது..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்டா. எந்தக் குச்சியைச் சுத்தணும், அதைச் சொல்லு."